இதழ்ப் பிரிவு: புரட்டுகிறார்களா என்று யார் எண்ணுவது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஒரு கல்லூரி நூலகத்தின் இதழ்ப் பிரிவு இது. காலச்சுவடும் மாத்ருபூமி வார இதழும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அருமையான தேர்வு. கணக்கெடுக்கும் முறைதான் சரியில்லை. வாசல் பதிவேட்டில் யார் வந்தார் என்று தெரியும், எதைப் படித்தார் என்று தெரியாது. இதழ்கள் இரவல் போகாததால் அங்கேயும் தடம் இல்லை.

மேசைக் கணக்குதான் வழி. படித்ததை அடுக்கில் வைக்காமல் மேசையிலேயே விடச் சொல்லிப் பலகை மாட்ட வேண்டும். மதியம் ஒருமுறை, மூடும்போது ஒருமுறை, இதழ்வாரியாகக் கோடு போட்டுவிட்டு அடுக்க வேண்டும். பழக்கத்தில் பிள்ளைகள் திருப்பி வைத்துவிடுவார்கள், எண்ணிக்கை குறைந்தே வரும். அதனால், சந்தாவை நிறுத்தலாமா என்று யோசிக்கும் இதழின் நடுப்பக்கத்தில் சின்னத் துண்டுச்சீட்டு செருகி, வாரக் கடைசியில் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜெராக்ஸ் கணக்கை நம்ப வேண்டாம். எல்லாரும் போனில் படமெடுத்துக்கொள்கிறார்கள்.

தேர்வு வாரத்தை மட்டும் பார்த்துச் சந்தாவை வெட்டுவது அநியாயம். ஒரு பருவம் முழுக்க எண்ண வேண்டும். பழைய இதழ்கள் இன்னும் பூட்டிய பீரோவில்தான். முதலில் அதைத் திறந்து வையுங்கள்.