நீல உர மூட்டை: பெர்மாத்தாங் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்

போன வருடம் எங்களுக்கு மணல் கலந்த உரத்தை விற்றுவிட்டுப் போன அதே வெள்ளை வேனை, நேற்று பக்கத்துத் தாமான் குடியிருப்பில் பார்த்ததாகத் தங்கை சொன்னாள். அதனால்தான் இந்தப் பதிவு.

எங்கள் வீடு பினாங்கின் செபராங் பிறையில். பெர்மாத்தாங் என்று தொடங்கும் ஊர்கள் இங்கே பல; பழைய கடற்கரை மணல்மேடுகள்தான் அவை. எங்கள் கொல்லையில் ஒரு முழம் தோண்டினாலும் மணல்தான். அம்மா நட்ட இரண்டு சோக்கானான் மாமரமும் ஒரு கொய்யாவும் நிற்கின்றன. போன வருடம் காய்ப்பு குறைந்து, பழமும் சப்பென்று இருந்தது. சரியாக அந்த நேரத்தில் வேன்காரர் வந்தார்.

“அண்ணே, இது 12-12-17. மரத்துக்கு மூணு கிலோ, ஒரே தடவை போடுங்க. அடுத்த வருஷம் வரைக்கும் கவலையில்ல.”

12-12-17 என்பது உரத்தில் உள்ள தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம். மூட்டை 95 வெள்ளி. கடை விலையைவிடக் குறைவு என்று இரண்டு வாங்கினேன். ரசீது கேட்கவில்லை. அவரே தூரை ஒட்டிக் கொட்டிவிட்டுப் போனார். பத்து நாளில் கொய்யா இலைகளின் ஓரம் தீய்ந்தது. அப்புறம் அடைமழை. மாமரத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

சந்தேகம் வந்து, ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கலக்கியதும் நீலம் முழுக்கத் தண்ணீருக்குப் போனது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெளுத்த மணல்! நல்ல உரத்திலும் கொஞ்சம் வண்டல் தங்கும்தான், ஆனால் நெருநெருவென்று ஆற்று மணல் தங்காது. மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: தயாரிப்பாளர் பெயரே இல்லை. இதை முதலிலேயே பார்த்திருக்கலாம்; மலிவு கண்ணை மறைத்துவிட்டது.

உரம் அசலாகவே இருந்தாலும் அவர் சொன்ன யோசனை தப்பு. மணலுக்குச் சத்தைப் பிடித்துவைக்கும் சக்தி குறைவு. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் ஒரு பெருமழையில் வேருக்குக் கீழே இறங்கிவிடும். இப்போது மக்கிய கோழி எருவைப் போட்டு, தென்னை மட்டையால் மூடாக்கு போடுகிறேன். கடையில் வாங்கிய உரத்தை மாதம் ஒரு பிடி, தூரில் இல்லாமல் கிளை நிழல் விழும் விளிம்பில் தூவித் தண்ணீர் விடுகிறேன்.

பயனீட்டாளர் நீதிமன்றத்தில் 5 வெள்ளி கட்டி முறையிடலாம். ஆனால் என்னிடம் ரசீது இல்லை; இருப்பது அணைந்து கிடக்கும் ஒரு கைப்பேசி எண் மட்டுமே. உங்கள் வாசலுக்கு வேன் வந்தால், பணம் கொடுக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள்.