பின்சக்கர பேரிங் மாற்றியதாகச் சொன்ன பட்டறை: ஓர் எச்சரிக்கைப் பதிவு

என் இருசக்கர வண்டியின் பின்சக்கரத்தில் பேரிங்குகள் (உள்வளையம், வெளிவளையம், நடுவே உருளும் குண்டுகள் கொண்டு சக்கரத்தைச் சுழலவிடும் தாங்கிகள்) தேய்ந்துவிட்டன என்று சொல்லி, மூன்றையும் மாற்றியதாகக் கணக்குக் காட்டி, எங்கள் பகுதியிலுள்ள ஒரு பட்டறையில் என்னிடம் 2,640 ரூபாய் வாங்கினார்கள். உண்மையில் மாற்றியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றை மாற்றும்போதும், சக்கரத்தின் நடுக்குடத்திலுள்ள இரு பேரிங்குகளுக்கும் இடையே இருக்க வேண்டிய ஸ்பேசர் குழாயை உள்ளே வைக்காமலேயே சக்கரத்தைப் பூட்டிக் கொடுத்துவிட்டார்கள். அப்படிப் பூட்டிய வண்டியில் என் மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பத்தொன்பது நாட்கள் சென்னையின் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் போய்வந்திருக்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை.

வண்டி நூறு சிசி, பன்னிரண்டு ஆண்டுப் பழையது. ஜூன் மாதத் தொடக்கத்தில், வேகம் 40 கிலோமீட்டரைத் தொட்டதும் பின்பக்கத்திலிருந்து மாவு மில் ஓடுவதுபோல ஓர் இரைச்சல் வர ஆரம்பித்தது. வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. பட்டறை உரிமையாளர் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டினார். "ஆட்டத்தைப் பாருங்க சார். ஹப்புல ரெண்டு பேரிங்கும் போச்சு, கப்ளிங் பேரிங்கும் போச்சு. ஹப்பும் லூசாயிடுச்சு, லேத்துக்கு அனுப்பணும்" என்றார். ஹப் என்பது சக்கரத்தின் நடுக்குடம்; கப்ளிங் என்பது செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டைத் தாங்கும் பகுதி; லேத்து என்பது கடைசல் இயந்திரம். நான் வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வண்டியுடன் ஒரு பிளாஸ்டிக் உறையும் கைக்கு வந்தது. உள்ளே துருவும் கிரீஸுமாக மூன்று பழைய பேரிங்குகள். கழற்றிய பொருளைக் கேட்காமலேயே எடுத்துக் கொடுக்கிறார்களே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூடவே தந்த தாளில் பேரிங் மூன்றுக்கு 1,260, லேத்து வேலைக்கு 550, ஆயில் சீலுக்கும் கிரீஸுக்கும் 180, கூலி 650 என்று எழுதியிருந்தது. தாளின் தலைப்பில் 'எஸ்டிமேட்' என்ற ஒரு சொல்லைத் தவிர பட்டறையின் பெயரோ, ஜி.எஸ்.டி. வரி எண்ணோ, கையெழுத்தோ இல்லை என்பதை நான் கவனித்தது மூன்று வாரம் கழித்துத்தான்.

முதல் பத்து நாட்கள் இரைச்சல் குறைந்திருந்தது. ஆனால் பின்பிரேக்கை மிதிக்கும்போது பெடலில் முன்பு இல்லாத ஓர் அதிர்வு தெரிந்தது. அதன்பின் இரைச்சல் திரும்பிவந்து, பழையதைவிடக் கரகரப்பானது. பட்டறைக்குப் போய்ச் சொன்னபோது, "அது டயர் சத்தம் சார், ரோடு அப்படி. டயர் மாத்துனா சரியாயிடும்" என்று 1,900 ரூபாய்க்கு ஒரு டயரை எடுத்துக் காட்டினார்கள். என் நல்ல நேரம், அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். "டயர் சத்தம்னா ரோடு மாறுனா சத்தமும் மாறணும்டா. மாறுதா?" என்று கேட்டார். மாறவில்லை, புதுத் தார் போட்ட தெருவிலும் அதே இரைச்சல்தான்.

அன்று அவர் செய்த சோதனைகளை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இவை எதற்கும் பட்டறை தேவையில்லை. முதலில், ஆள் நடமாட்டமில்லாத தெருவில் வண்டியை 40-இல் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து உருளவிடச் சொன்னார். இன்ஜின் நின்ற பிறகும் இரைச்சல் நிற்காமல் வண்டியின் வேகத்தோடு சேர்ந்தே தணிந்ததால், கோளாறு சக்கரத்தையும் செயினையும் விட்டு வெளியே இல்லை என்று தெரிந்தது. அடுத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையால் ஸ்விங் ஆர்மை (பின்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் டயரை ஆட்டினார். சக்கரத்தோடு ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் தேய்ந்தது அதன் மூட்டிலுள்ள புஷ். ஸ்விங் ஆர்ம் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங், அல்லது சரியாக முறுக்கப்படாத ஆக்ஸில், அதாவது சக்கர அச்சு. எங்கள் வண்டியில் சக்கரம் மட்டும் ஆடியது. பிறகு செயினைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றி, நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை ஆக்ஸில் அருகே வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்கச் சொன்னார். செயின் மாட்டியிருந்தால் அதன் சலசலப்பில் காதுக்கு எட்டாமல் போயிருக்கும் ஒரு நறநறப்பு, மணலை மெல்லுவதுபோலத் துல்லியமாகக் கேட்டது.

சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்ததுமே முதல் அதிர்ச்சி. ஆக்ஸில் நட்டில் ஸ்பானரை வைத்து உடம்பு பலத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு நின்றேன்; அதுவோ லேசான ஒரு தள்ளலிலேயே சுழன்று வந்துவிட்டது. சித்தப்பா என்னை நிறுத்தி, நட்டைத் திரும்பவும் நன்றாக முறுக்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். சக்கரம் இறுகி, பிடித்துப் பிடித்து நகர்ந்தது. "உள்ள ஏதோ இல்லடா" என்றார். சக்கரத்தை வெளியே எடுத்து, ஹப்பின் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நடுவுல இருக்க வேண்டிய பைப் எங்கடா?" என்றார்.

அந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஹப்பின் இரு பக்கமும் இருக்கும் பேரிங்குகளின் உள்வளையங்களுக்கு நடுவே, அளவெடுத்துச் செய்த ஓர் இரும்புக் குழாய் நிற்கும். ஆக்ஸில் நட்டை எவ்வளவு முறுக்கினாலும், அந்த அழுத்தம் உள்வளையம், குழாய், மறுபக்க உள்வளையம் என்று நேர்க்கோட்டில் போய்விடுவதால் உள்ளே உருளும் குண்டுகளுக்குப் பக்கவாட்டுச் சுமை ஏறாது. குழாய் இல்லையென்றால், நட்டை முறுக்க முறுக்க இரு உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளப்பட்டு, குண்டுகள் தம் பள்ளத்தின் நடுவை விட்டு ஓரத்தில் ஏறி அரைபடும்; சக்கரம் பிடிக்கும். பட்டறைப் பையனுக்கு இது தெரிந்திருக்கிறது, அல்லது சக்கரம் பிடிக்கிறது என்பதாவது தெரிந்திருக்கிறது. அதற்கு அவன் கண்டுபிடித்த வழி, நட்டை முழுதாக முறுக்காமல் விட்டுவிடுவது. சாலையில் அந்த நட்டு கழன்று போகாமல் இருந்ததற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மற்றவையும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பிரேக் டிரம் பக்கத்துப் பேரிங் தொழிற்சாலையில் போட்ட அன்றைய இடத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. அதைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் துருக்கோடு உடையாமல் இருந்தது. மேலே புதுக் கிரீஸை மட்டும் விரலால் அப்பியிருந்தார்கள். அதில் ஒரு பகுதி டிரம்முக்குள் வழிந்து பிரேக் ஷூவின் லைனிங்கிலும் படிந்திருந்தது. செயின் பக்கத்தில் இருந்தது புதியதுதான். ஆனால் எந்தத் தயாரிப்பாளரின் பெயரும் இல்லாமல் 6301 என்ற எண் மட்டும் மங்கலாகப் பொறித்திருந்தது. உள்வளையத்தின் முகத்தில் உளியால் அடித்த மூன்று வெட்டுகள் பளபளத்தன. பேரிங்கை ஹப்பில் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டுமே அடிக்க வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகளின் வழியாகப் போய்ப் பள்ளங்களில் சிறு குழிகளை உண்டாக்கிவிடும். பேரிங் போட்ட அன்றே பாதி ஆயுளை இழந்துவிடும். ஸ்பிராக்கெட்டைத் தாங்கும் கப்ளிங்கில் இருந்த மூன்றாவது பேரிங்கை யாரும் தொடவே இல்லை. லேத்து வேலை என்று 550 ரூபாய் வாங்கினார்களே, அதற்கான தடயமும் இல்லை: ஹப் உண்மையிலேயே தளர்ந்திருந்தால் துளையைக் கடைந்து பெரிதாக்கி, உள்ளே ஸ்லீவ் என்னும் வளையக் குழாயை இறக்கி, பழைய அளவுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் ஸ்லீவின் விளிம்பு ஒரு வளையமாகக் கண்ணுக்குத் தெரியும்.

இனி அந்தப் பிளாஸ்டிக் உறை. சித்தப்பா நுண்ணளவு எடுக்கும் வெர்னியரை எடுத்துவரச் சொல்லி, பழைய பேரிங்குகளைத் துடைத்து அளந்தார். இரண்டில் 6202 என்றும் ஒன்றில் 6004 என்றும் எண் இருந்தது. இந்த எண்களைப் படிப்பது கடினமன்று; கடைசி இரண்டு இலக்கங்கள் உள்விட்டத்தைச் சொல்கின்றன. 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் அந்த எண்ணை ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். என் வண்டியின் ஆக்ஸில் 12 மில்லிமீட்டர், ஹப்பின் துளை 37. அதற்கு உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 என்ற அளவுகளைக் கொண்ட 6301 மட்டுமே பொருந்தும். உறையிலிருந்த 6202-இன் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35. அது என் ஹப்பில் இறுகி நிற்கவே வழியில்லை. கப்ளிங்கில் இருப்பது 6203. உறையில் இருந்ததோ 6004. யாருடைய வண்டியிலிருந்தோ எப்போதோ கழற்றிய குப்பையைச் சான்றாக என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய், பெயருள்ள தயாரிப்பில் 6301 இரண்டும் 6203 ஒன்றும், ஸ்பேசரும் ஆயில் சீலும் பில்லுடன் வாங்கினேன். மொத்தம் 695 ரூபாய். இரு பக்கமும் ரப்பர் மூடி கொண்டவற்றைக் கேட்டு வாங்கினோம். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருக்கும். மழைத் தண்ணீரில் ஓடும் வண்டிக்கு அதுவே நல்லது, தனியாகக் கிரீஸ் வைக்கவும் தேவையில்லை. புதியவற்றை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தோம்; "ஐஸ்கிரீம் டப்பா பக்கத்துலயா?" என்று வீட்டில் கேட்ட கேள்விக்கு இருவரிடமும் பதில் இல்லை. பழையவற்றை மறுபக்கத்திலிருந்து கம்பியை விட்டு, ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியேற்றினோம். அப்படிக் கழற்றுவது உள்வளையத்தில் அடித்துத்தான் என்பதால், கழற்றிய பேரிங்கைத் திரும்பப் போடவே கூடாது.

அலுமினிய ஹப்பின் மேல் கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துச் சூடேறியதும் துடைத்துவிட்டு, வெளிவளையத்தில் மட்டும் படும் அளவுள்ள சாக்கெட்டை வைத்துத் தட்டினோம். அடியின் ஒலியைக் கவனிக்கச் சொன்னார் சித்தப்பா. இறங்கிக்கொண்டிருக்கும்வரை டொக் டொக் என்று மந்தமாக இருந்தது, அடியில் போய் உட்கார்ந்ததும் டங் என்று மாறியது. அதோடு நிறுத்திவிட வேண்டும். ஒரு பக்கம் முழுதாக உட்கார்ந்த பிறகு ஸ்பேசரை இறக்கி, மறுபக்கத்தை அது ஸ்பேசரைத் தொடும்வரை மட்டும் தட்டினோம். லைனிங்கில் கிரீஸ் ஊறியிருந்ததால் பிரேக் ஷூவையும் மாற்ற வேண்டியதாயிற்று. அது தனிச் செலவு. இப்போது ஆக்ஸில் நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கியும் சக்கரம் ஒரு விரல் தட்டலுக்குச் சத்தமின்றிச் சுற்றுகிறது.

எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "பையன் மாத்திட்டேன்னுதான் சார் சொன்னான், அவன் இப்ப வேலையில இல்ல" என்றார் உரிமையாளர். லேத்து வேலை எங்கே நடந்தது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. 500 ரூபாயை எடுத்து நீட்டினார், வாங்கவில்லை. முறையான பில் கேட்டேன், தரவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், செய்த வேலைக்குப் பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் இருக்கிறது. பெயரில்லாத எஸ்டிமேட் தாளால் பயனில்லாவிட்டாலும், யுபிஐ-இல் பணம் செலுத்திய பதிவில் உரிமையாளரின் பெயரும் தொகையும் நாளும் இருப்பதால் அதைத்தான் முதல் சான்றாக இணைத்தேன்.

பேரிங் வேலைக்கு வண்டியை விடுகிறவர்கள் சக்கரம் கழற்றப்படும் நேரத்தில் எப்படியாவது அருகில் இருங்கள். பேரிங்கின் முகத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துப் படமெடுத்துக்கொண்டு, திரும்பி வரும் பழைய பேரிங்கில் அந்தப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். புதியதைப் போடும்முன் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பேசர் உள்ளே போவதைக் கண்ணால் பாருங்கள். பக்கத்தில் நிற்கக் கூடாது என்று சொல்லும் பட்டறையில் வண்டியை விட வேண்டாம். என்னிடம் பணம் வாங்கியவர்கள் மகளிர் கல்லூரி வாசலில் வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்களுக்கும் இதே வேலையைப் பார்க்கிறார்கள். நான் புகார் கொடுத்த பிறகும் அங்கே அதே 'எஸ்டிமேட்' தாளில்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்.