கிராஜுவேட் டிப்ளோமாவா, மாஸ்டர்ஸா? எதுக்கு அப்ளை பண்றது

வேற டிகிரி முடிச்சுட்டு சோஷியல் வொர்க்குக்கு மாற நினைக்கிற நம்ம பிள்ளைங்க நிறைய பேரு நேரா மாஸ்டர்ஸ தான் பாக்குறாங்க, ஆனா எஸ்யூஎஸ்எஸ்ல (சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம்) இருக்கிற கிராஜுவேட் டிப்ளோமா அவங்களுக்குன்னே வச்சது, ஃபீல்டு பிளேஸ்மென்ட்டும் (ஒரு அமைப்புல நேரடியா போய் வேலை பழகுறது) உண்டு, முடிச்சா பதிவுபெற்ற சமூக சேவையாளர் ஆகுறதுக்கும் வழி இருக்கு. வேலை பாத்துக்கிட்டே படிக்கிறவங்க பிளேஸ்மென்ட் நேரத்துக்கு லீவ் கிடைக்குமான்னு பாஸ்கிட்ட முன்னாடியே பேசிடுங்க, அங்கதான் பலரும் திணறுறாங்க.

மாஸ்டர்ஸ் என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்), எஸ்யூஎஸ்எஸ் ரெண்டுலயும் இருக்கு. அது ஏற்கனவே இந்த வேலையில இருக்கிறவங்க இன்னும் ஆழமா போறதுக்கு.

அப்ளிகேஷன்ல எழுதிக் குடுக்கிறதும் வேற வேற. டிப்ளோமாவுக்கு ஏன் மாறுறீங்கன்னு சொல்லணும், "மக்களுக்கு உதவணும்"னு மட்டும் எழுதாதீங்க, உதாரணத்துக்கு நீங்க சொல்லிக்குடுத்த டியூஷனுக்கு சாப்பிடாம வந்த பிரைமரி 4 பையன், அவன் வீட்டு நிலைமை, அதுல உங்களுக்குப் புரிஞ்சது என்னன்னு எழுதுங்க. மாஸ்டர்ஸுக்கு நீங்க பாத்த ஒரு கேஸ், எங்க சிக்கல் வந்துச்சு, எதை இன்னும் படிக்கணும்னு எழுதுங்க, குடும்பத்தோட பேரு அடையாளம் எதுவும் வேணாம்.

என்னைக் கேட்டா, புதுசா வர்றவங்க டிப்ளோமா முடிச்சு குடும்பச் சேவை நிலையத்துல கொஞ்ச வருஷம் வேலை பாத்துட்டு மாஸ்டர்ஸுக்கு போங்க, அப்போதான் கிளாஸ்ல பேசுறது மனசுல ஏறும்.