ஹெட் ஸ்டட் மாற்றியதாகச் சொல்லி 38,500 ரூபாயை வாங்கிக்கொண்ட பட்டறை: டிராக்டர் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

இன்று காலை வேறொரு மெக்கானிக் என் டிராக்டர் எஞ்சினைப் பிரித்துக் காட்டினார். அந்தக் கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் இதுவும் அப்படியே மறந்துபோகும். நான் கொடுத்தது 38,500 ரூபாய். சம்பா உழவு நேரத்தில் வண்டி களத்தில் நிற்கிறது.

பட்டறையின் பெயரைப் போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன். பைபாஸ் ஓரத்தில் பெரிய ஷெட் போட்டு, ரீபோர், ஹெட் ஃபேசிங், வால்வு வேலை எல்லாம் ஒரே இடத்தில் என்று போர்டு வைத்திருக்கும் டீசல் பட்டறை. அவ்வளவு போதும்.

வண்டியில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் வரும் பேக்கிங்) போயிருந்தது. கழற்றும்போது ஒரு ஸ்டட் (ஹெட்டைப் பிளாக்கோடு பிடித்து வைக்கும், இரு முனையிலும் மரை உள்ள தண்டு) பிளாக்குக்குள்ளேயே ஒடிந்துவிட்டது, இன்னொரு ஓட்டையில் மரை சுத்தமாகப் போயிருந்தது. ஒடிந்ததை எடுத்து, மரை போன இடத்தில் ஹெலிகாயில் (ஓட்டைக்குள் புது மரையாக இறக்கும் கம்பிச்சுருள்) போட்டு, ஸ்டட் முழு செட்டும் புதிதாக மாற்றி, ஹெட்டின் அடிப்பரப்பையும் ஃபேசிங் செய்து மட்டமாக்கித் தருவதாகப் பேச்சு. தொகை அதிகம்தான். ஆனால் அந்த ஓனர் செய்ததைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். அளவு வைத்து இறுக்கும் டார்க் ரெஞ்சைப் பெட்டியிலிருந்து எடுத்து, வேஸ்ட் துணியால் துடைத்து, வைஸில் பிடித்திருந்த ஒரு போல்ட்டில் மாட்டித் திருப்பினார். 'டக்' என்றது. "கேட்டீங்களா அண்ணே? இந்தச் சத்தம் வந்தா அதுக்கு மேல ஒரு இம்மி கூட இறுக்க மாட்டோம்" என்றார். புது ஸ்டட்டுகளை எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து என் கையிலேயே கொடுத்தார். முனையில் 10.9 என்று குத்தியிருந்தது. அது சும்மா போடும் நம்பர் இல்லை: இழுவலிமை (அறும் வரை தாங்கும் அளவு) 1000 மெகாபாஸ்கல், அதில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்று அர்த்தம். நம்பினேன். பாதி போனில் அனுப்பினேன், பாதி ரொக்கம். பில் கேட்டதற்கு, "வண்டி ஓடட்டும் அண்ணே, அப்புறம் போட்டுக்கலாம்."

சேற்று உழவில் இறக்கியதுமே ரேடியேட்டரில் குமிழி. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் டீக்கடைப் பால் மாதிரி இருந்தது. போன் செய்தேன். ஏர் லாக், ஓட ஓட சரியாகிவிடும் என்றார். அடுத்த முறை ரேடியேட்டர் மூடி சரியில்லை என்றார். அதையும் மாற்றினேன். அப்புறம் ரோட்டவேட்டர் லோடு அதிகம், நீங்கள் ஓட்டுகிற விதம் என்று என் தலையில் போட்டார். அதன்பின் பட்டறைப் பையன்தான் போனை எடுத்தான், ஓனர் கோயம்புத்தூர் போயிருக்கிறாராம். நேரில் போய் நின்றபோது அதே ஓனர், 'அண்ணே' போய் 'சார்' ஆகி, "எஞ்சின் வேலைக்கு கேரண்டி கிடையாது சார்" என்றார். 38,500 வாங்கும்போது அந்த வார்த்தை எங்கே போயிருந்தது?

இன்று ஹெட்டை இறக்கிய பெரியவர் முதலில் மூலை நட்டைத் திருகினார். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றியது, பிடிப்பே இல்லாமல் கையோடு வந்தது. மரை முழுக்க சாம்பல் நிறப் பசை! ஹெலிகாயில் போடவே இல்லை, பசையை அப்பி ஸ்டட்டைச் சொருகி வைத்திருக்கிறார்கள். மற்ற ஸ்டட்டுகளை பிரஷ் போட்டுத் தேய்த்ததும் கருப்பு பெயின்ட் உரிந்து பழைய துரு தெரிந்தது. தண்டில் பைப் ரெஞ்சின் பல் தடம் வரிசையாகப் பதிந்திருக்கிறது. என் கையில் கொடுத்துக் காட்டிய புது செட் எந்த வண்டிக்குப் போனதோ.

இதைவிடக் கொடுமை, நடு வரிசை ஓட்டை ஒன்றிலிருந்து பக்கத்துத் தண்ணீர் வழி வரை மயிரிழை விரிசல். அந்த ஓட்டையைக் கம்பியால் கிளறினால் கரியும் பழைய பேக்கிங் துணுக்கும் எண்ணெயும் வருகிறது. பெரியவர் சொன்னார்: "அடி மூடின ஓட்டைல எண்ணெய் தேங்கியிருந்தா அது அமுங்காது தம்பி. மேல ஸ்டட்ட விட்டு பைப் போட்டு முறுக்கினா போக வழி இல்லாம பிளாக்கைத்தான் வெடிக்க வைக்கும்." காற்றடித்து ஊதியிருந்தால் முடிந்திருக்கும் வேலை. மரை வெட்டும் டேப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்து, ஸ்டட்டைக் கையால் இறங்கும் வரை மட்டும் இறக்கி, இறுக்கத்தை எல்லாம் மேலே நட்டில்தான் கொடுக்க வேண்டுமாம். விரிசலுக்கு மெட்டல் ஸ்டிச்சிங் (வெல்டிங் இல்லாமல் உலோகத் துண்டுகளால் விரிசலைப் பூட்டுவது) செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்கிறார். இல்லையென்றால் வேறு பிளாக். அப்படியானால் 38,500 தண்டம், அதற்கு மேலும் செலவு.

விரிவாக எழுதப் பொறுமையில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டட் ஏற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஓட்டையை ஊதுகிறார்களா, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கட்டம் கட்டமாக இறுக்குகிறார்களா என்று பாருங்கள், வீடியோ எடுங்கள். கழற்றிய பழைய ஸ்டட்டைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்து வாருங்கள். தண்ணீர் வழிக்குள் போகும் ஓட்டை என்றால் மரையில் சீலன்ட் வேண்டும். ரொக்கம் வேண்டாம், பில் இல்லாமல் பணம் வேண்டவே வேண்டாம். ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். போனில் அனுப்பிய பாதிப் பணத்துக்கு ரசீது இருக்கிறது, பசை ஒட்டிய ஸ்டட்டைத் துடைக்காமல் பையில் போட்டு வைத்திருக்கிறேன். நாளை நான் மனு எழுதுகிறேன்.