டிடிஎல் என்று விற்ற ஃப்ளாஷில் வேலை செய்தது ஒரே ஒரு பின்: மலிவு விலை ஃப்ளாஷ் வாங்குவோருக்கு எச்சரிக்கை

விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தது மூன்று விஷயம்: டிடிஎல் (ஃப்ளாஷின் சக்தியைக் கேமராவே தீர்மானிக்கும் முறை) உண்டு, ஹை ஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரிலும் படம் முழுதும் ஃப்ளாஷ் ஒளி விழச் செய்யும் வசதி) உண்டு, கைடு நம்பர் (ஃப்ளாஷின் வலுவைச் சொல்லும் எண்) 58. பெட்டியில் வந்தது, சக்தியை நாமே கையால் வைக்க வேண்டிய சாதாரண மேனுவல் ஃப்ளாஷ். அதுவும் புதியது இல்லை, ஏற்கனவே யாரோ அடித்துத் தேய்த்தது.

ஃப்ளாஷின் காலைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் பெரிய பின் ஒன்று, அதன் பக்கத்தில் நான்கு சின்னப் பின்கள். பார்வைக்கு அசல் டிடிஎல் ஃப்ளாஷின் கால்தான். நகத்தால் அழுத்திப் பார்த்தபோது குட்டு உடைந்தது. நடுப் பின் மட்டும் ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வெளியே வந்தது. மற்ற நான்கும் பிளாஸ்டிக்கில் பதித்து வைத்த வெறும் உலோகப் பொட்டுகள். அழுத்தினால் அசையவில்லை, கேமரா ஷூவில் (ஃப்ளாஷின் காலைச் செருகும் இடத்தில்) இருக்கும் தொடுமுனைகளைத் தொடும் உயரமும் அவற்றுக்கு இல்லை. ஃப்ளாஷை மாட்டி கேமராவின் வெளி ஃப்ளாஷ் மெனுவைத் திறந்தால், ஃப்ளாஷ் எதுவும் இணைக்கப்படவில்லை என்றே காட்டியது.

டிடிஎல் என்பது கேமராவும் ஃப்ளாஷும் பேசிக்கொள்ளும் முறை. படம் எடுப்பதற்கு ஒரு கணம் முன்பு ஃப்ளாஷ் சின்னதாக ஒரு முன்வெளிச்சம் அடிக்கும். திரும்பி வரும் ஒளியை கேமரா லென்ஸ் வழியாக அளந்து, எவ்வளவு சக்தியில் அடிக்க வேண்டும் என்று ஃப்ளாஷுக்குச் சொல்லும். அந்தப் பேச்சு நடப்பது பக்கத்துச் சின்னப் பின்கள் வழியாகத்தான். நடுப் பின்னுக்குத் தெரிந்தது ஒரே கட்டளை, ‘இப்போது அடி’. ஆகவே ஒரு பின் மட்டும் உள்ள ஃப்ளாஷ் கேமரா மேல் உட்கார்ந்து டிடிஎல் செய்யவே முடியாது. விற்பவர் எந்த விளக்கம் சொன்னாலும் இது மாறாது. (சோனியின் இப்போதைய ஷூவில் தொடுமுனைகள் முன் ஓரத்தில் நுண்ணிய வரிசையாக இருக்கும். அதற்கான ஃப்ளாஷில் பின்னைத் தேடாமல் அந்த வரிசையைத் தேடுங்கள்.)

ஹை ஸ்பீட் சிங்க் விஷயத்தில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு, விற்பவர்கள் அதில்தான் ஒளிந்துகொள்கிறார்கள். கோடாக்ஸ் டிடி600 போன்ற ஒற்றைப் பின் ஃப்ளாஷ்கள் கேமரா மேல் இருக்கும்போது ஹை ஸ்பீட் சிங்க் தராது. அதே நிறுவனத்தின் ரேடியோ ட்ரிக்கரை (ஃப்ளாஷைக் கம்பியில்லாமல் அடிக்க வைக்கும் கருவியை) கேமராவில் மாட்டி, ஃப்ளாஷைத் தனியே வைத்து அடித்தால் தரும். அதனால் ‘ஹை ஸ்பீட் சிங்க் உண்டு’ என்ற வரியைப் பார்த்ததும், எந்த ட்ரிக்கரோடு, கேமரா மேலா வெளியிலா என்று எழுத்தில் கேளுங்கள். இங்கே வந்த ஃப்ளாஷில் ரேடியோ ரிசீவரே கிடையாது.

சோதிப்பது சுலபம். வெள்ளைச் சுவரைப் பார்த்து ஷட்டர் வேகம் 1/200இல் ஒன்று, 1/250இல் ஒன்று, 1/400இல் ஒன்று எடுங்கள். சிங்க் வேகம் (ஷட்டர் முழுதாகத் திறந்து ஃப்ளாஷ் ஒளியை வாங்கக்கூடிய உச்ச வேகம்) 1/200 உள்ள கேமராவில் முதல் படம் முழுதும் வெளிச்சமாக வரும், இரண்டாவதில் ஓரத்தில் கறுப்புப் பட்டை எட்டிப்பார்க்கும், மூன்றாவதில் ஏறக்குறைய பாதிப் படம் இருண்டுவிடும். வேகம் கூடும்போது ஷட்டர் முழுதாகத் திறப்பதே இல்லை, ஒரு இடுக்கு மட்டும் சென்சார் மேல் ஓடுகிறது. ஃப்ளாஷ் மின்னும் அந்தக் கணத்தில் இடுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் ஒளி விழும். இந்தப் பட்டை பழுது அல்ல, எல்லா சாதாரண ஃப்ளாஷிலும் வரும். ஹை ஸ்பீட் சிங்க் என்று காசு வாங்கிக்கொண்டு பட்டை விழும் ஃப்ளாஷைக் கொடுத்ததுதான் ஏமாற்று.

இப்போது கைடு நம்பர். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், காரணம் யாரும் அளந்து பார்ப்பதில்லை. கைடு நம்பர் என்பது தூரத்தையும் அப்பர்ச்சர் எண்ணையும் பெருக்கி வரும் எண். ஐஎஸ்ஓ 100இல், முழு சக்தியில், 3 மீட்டர் தூரத்தில் எஃப்/11 சரியாக வந்தால் கைடு நம்பர் 33. அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் கூடவே மூன்று விவரம் வேண்டும்: ஐஎஸ்ஓ எவ்வளவு, ஜூம் தலை (ஒளியை விரிக்கவும் குவிக்கவும் செய்யும் பகுதி) எந்த மில்லிமீட்டரில், அளவு மீட்டரிலா அடியிலா. ஐஎஸ்ஓ 400இல் அளந்தால் அதே ஃப்ளாஷின் எண் இரட்டிப்பாகும். அடியில் சொன்னால் 58 என்பது 190 ஆகும். ஜூமை 105க்கு நீட்டி அளந்தால் ஒளி குறுகிய இடத்தில் குவிவதால் எண் ஏறும். நேர்மையான 58 என்பது பெரும்பாலும் 105 மில்லிமீட்டரில் அளந்தது. அதே ஃப்ளாஷ் 35 மில்லிமீட்டரில் 36 முதல் 39 வரைதான் காட்டும். அதில் தவறில்லை, பல நிறுவனங்கள் அப்படித்தான் போடுகின்றன. பக்கத்தில் மில்லிமீட்டர் எழுதாமல் வெறும் எண் மட்டும் போட்டிருந்தால் உஷாராகுங்கள்.

அளக்கும் விதம் இது. இரவில் வெட்டவெளியிலோ பெரிய கூடத்திலோ செய்யுங்கள். சின்ன வெள்ளை அறையில் சுவர் திருப்பி அடிக்கும் ஒளி சேர்ந்துகொண்டு ஃப்ளாஷை வலுவாகக் காட்டிவிடும். ஃப்ளாஷிலிருந்து சரியாக 3 மீட்டரில் சாம்பல் அட்டை. ஜூம் 35, சக்தி 1/1, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125. புதிதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரி. ரெடி விளக்கு எரிந்த பிறகு இன்னும் 5 வினாடி பொறுத்து அடியுங்கள், ஏனென்றால் பல ஃப்ளாஷ்களில் கெபாசிட்டர் முழுதாக நிரம்பும் முன்பே அந்த விளக்கு எரிந்துவிடும். அட்டையின் ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) மேடு நடுவில் வரும்வரை அப்பர்ச்சரை மாற்றுங்கள். 58 என்று சொன்ன ஃப்ளாஷ் எஃப்/11க்குக் கொஞ்சம் மேலேயே அங்கே வர வேண்டும். வந்ததோ எஃப்/5.6இல். குறைந்தது இரண்டு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் பாதியாவது), அதாவது சொன்ன வெளிச்சத்தில் அதிகபட்சம் கால் பங்கு. முழு விலை கொடுத்து வாங்கியது, எப்போதும் 1/4 சக்தியில் நிற்கும் ஒரு ஃப்ளாஷ்.

அடுத்து சக்திப் படிகள். மேனுவல் ஃப்ளாஷின் உயிரே அதுதான். 1/1, 1/2, 1/4 என்று 1/128 வரை ஒவ்வொரு படியும் சரியாக ஒரு ஸ்டாப் குறைய வேண்டும். சக்தியை ஒரு படி குறைத்து, அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் திறந்தால் படம் அதே வெளிச்சத்தில் வர வேண்டும். இதில் 1/1க்கும் 1/2க்கும் வித்தியாசமே தெரியவில்லை. 1/16இலிருந்து 1/32க்கு இறங்கியதும் இரண்டு ஸ்டாப் விழுந்தது. படி ஒழுங்காக இல்லாத மேனுவல் ஃப்ளாஷை வைத்து ஒரு வேலையும் கணக்கிட்டுச் செய்ய முடியாது. ஒவ்வொரு படமும் குருட்டடிதான். சக்தி ஒரே அளவில் நிற்கிறதா என்று பார்க்க 1/16இல் 5 வினாடி இடைவெளியில் 20 படம் எடுத்து, சின்னதாக்கி வரிசையாகப் பாருங்கள். நல்ல ஃப்ளாஷில் இருபதும் ஒரே படம் போல இருக்கும். இங்கே மூன்று படம் மங்கல், ஒன்றில் ஃப்ளாஷ் அடிக்கவே இல்லை.

விற்பவரின் முதல் பதில் எதிர்பார்த்ததுதான்: “பேட்டரியை மாத்திப் பாருங்க சார்.” அந்தப் பதிலுக்கு இடம் வைக்காதீர்கள். 2000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுக்குக் குறையாத நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ பேட்டரி நான்கு, ஒரே பிராண்ட், ஒரே வயது, ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற்றியது. ஆல்கலைன் பேட்டரிக்கு 1.5 வோல்ட், இதற்கு 1.2 வோல்ட்தானே என்று தயங்க வேண்டாம். ஃப்ளாஷுக்கு ஒரே மூச்சில் நிறைய மின்னோட்டம் வேண்டும், நிக்கல் பேட்டரியின் உள்தடை குறைவு என்பதால் அதுதான் வேகமாக நிரப்பும். ஆரோக்கியமான ஃப்ளாஷ் முழு சக்தியில் அடித்த பிறகு சுமார் 3 வினாடியில் தயாராகும். 8, 10 வினாடி பிடித்தால் ஏதோ கோளாறு. ஒரு முக்கிய எச்சரிக்கை: 14500 என்ற லித்தியம் அயான் செல் பார்க்க ஏஏ போலவே இருக்கும், ஆனால் 3.7 வோல்ட். நான்கைப் போட்டால் ஃப்ளாஷ் புகைந்துவிடும்.

“உங்க கேமராவுலதான் கோளாறு” என்பது இரண்டாவது பதில். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும், ஆகவே புகார் எழுதும் முன் நம் பக்கத்தைச் சுத்தமாக்கிக்கொள்ள வேண்டும். கேனான் 250டி (சில நாடுகளில் 200டி மார்க் 2) மாடலின் ஷூவில் நடுத் தொடுமுனையே கிடையாது. அதில் எந்த நிறுவனத்தின் ஒற்றைப் பின் ஃப்ளாஷும் மேலே வைத்து அடிக்காது. மிரர்லெஸ் கேமராவில் சைலன்ட் ஷட்டர் போட்டிருந்தால் பெரும்பாலும் ஃப்ளாஷ் அடிக்காது, மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். ஃப்ளாஷ் காலை ஷூவில் கடைசிவரை தள்ளாமல் பூட்டு வளையத்தைத் திருகினாலும் நடுப் பின் விலகி நிற்கும். ஸ்லேவ் முறையில் (வேறொரு ஃப்ளாஷின் ஒளியைப் பார்த்து அடிக்கும் முறை) எஸ்1 போட்டு, கேமராவின் உள் ஃப்ளாஷை டிடிஎல்லில் விட்டால், வெளி ஃப்ளாஷ் முன்வெளிச்சத்துக்கே அடித்து முடித்துவிடும். கண்ணுக்கு அடித்தது தெரியும், படத்தில் இருக்காது. எஸ்2 போட்டால் முன்வெளிச்சத்தைத் தாண்டி சரியான நேரத்தில் அடிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல ஃப்ளாஷைக் கெட்டது என்று திருப்பி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன கோளாறுகள் எல்லாம் இவை அனைத்தையும் சரிபார்த்த பிறகும், வேறு ஒரு கேமராவிலும், அப்படியே இருந்தவை.

பழைய சரக்கு என்று எப்படித் தெரிந்தது? முன் பிளாஸ்டிக் முகத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்பக்கம் பழுப்பாகப் புகை படிந்தது போல் ஒரு கறை. இடைவிடாமல் முழு சக்தியில் அடித்து சூடேறினால் வருவது அது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாயின் இரு முனையும் கறுத்திருந்தது. திருகுகளின் தலையில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல். பேட்டரி மூடிக்குள் இருந்த எண்ணும் பெட்டி மேல் ஒட்டியிருந்த எண்ணும் வேறு வேறு. காலின் இரு பக்க ஓரத்திலும் கறுப்புப் பூச்சு தேய்ந்து உலோகம் பளபளத்தது. ஒருமுறைகூட ஷூவில் ஏறாத ஃப்ளாஷில் அந்தத் தேய்வு வராது.

சரியாக இருந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ட்ரிக்கர் வோல்டேஜ், அதாவது நடுப் பின் வழியாகக் கேமராவின் மேல் விழும் மின்னழுத்தம், 5 வோல்ட்டுக்குள் இருந்தது. எந்த ஃப்ளாஷையும், முக்கியமாகப் பழையதை, கேமராவில் ஏற்றும் முன் இதை அளந்தே ஆக வேண்டும். ஆரம்பகால விவிடார் 283 போன்றவை 200 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஐஎஸ்ஓ 10330 தரநிலை சொல்வது 24 வோல்ட் வரை. சில பழைய டிஜிட்டல் கேமராக்களுக்கு 6 வோல்ட்டுக்கு மேல் ஆகாது. கேமராவிலிருந்து கழற்றிய நிலையில் ஃப்ளாஷை முழுதாக சார்ஜ் ஆக விட்டு, மல்டிமீட்டரை டிசி உயர் வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை நடுப் பின்னிலும் கறுப்பு முனையைக் காலின் பக்கவாட்டு உலோகத்திலும் வையுங்கள். பக்கவாட்டில் உலோகம் தெரியாத பிளாஸ்டிக் கால் என்றால் உள்ளே தெரியும் சின்னத் தகட்டைத் தேடுங்கள். உடலைத் திறந்து மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது இறங்காமல் நிற்கும், உயிருக்கே ஆபத்து. திறந்த தடம் இருந்தால் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள்.

திருப்பிக் கொடுக்கும் கெடுதான் இந்த ஏமாற்றின் அச்சாணி. “டெக்னீஷியன் கிட்ட கேட்டுச் சொல்றோம்”, “இன்னொரு வீடியோ அனுப்புங்க”, “ரெண்டு நாள் பொறுங்க சார்” என்று இழுத்து, கெடு முடியும் தறுவாயில் “கொஞ்சம் பணம் திருப்பித் தர்றோம், ஃப்ளாஷை வெச்சுக்கோங்க” என்று வந்தார்கள். அதை ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் புகாரே மூடப்பட்டுவிடும். முதல் செய்தி அனுப்பும் அன்றே விற்பனைத் தளத்தின் வழியாகத் திருப்பி அனுப்பும் கோரிக்கையையும் பதிந்துவிடுங்கள், பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும். பேசுவதும் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே இருக்கட்டும், போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. விற்பனைப் பக்கத்தை வாங்கிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போன மறுநாளே இந்தப் பக்கத்திலிருந்து ‘டிடிஎல்’ என்ற சொல் காணாமல் போனது.

புகாரில் ‘சரியில்லை’, ‘வெளிச்சம் கம்மி’ என்று எழுதினால் எடுபடாது. ‘விளம்பரத்தில் டிடிஎல், பொருளில் இயங்கும் தொடுமுனை ஒன்றே, படம் இணைப்பு. விளம்பரத்தில் கைடு நம்பர் 58. ஐஎஸ்ஓ 100, 35 மிமீ, 3 மீட்டரில் எஃப்/5.6, ஆகவே கைடு நம்பர் சுமார் 17. பெட்டி எண்ணும் பொருள் எண்ணும் பொருந்தவில்லை’ என்று எழுதியதும்தான் முழுப் பணத்துக்கும் வழி பிறந்தது.

அனுப்பும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி மூடிக்குள் இருக்கும் எண், காலின் பின்கள், முன் முகத்தின் கறை மூன்றையும் படம் எடுங்கள். அதே பெட்டியில் வைத்து ஒட்டுவதை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுத்து, பணம் கைக்கு வரும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.