நான்கு விரற்கடை விறகு: விசிறி அடுப்புடன் நான்கு ஆண்டுகள்

முதுகுளத்தூரிலிருந்து சித்தி போன் செய்தார். விசிறி வைத்த விறகு அடுப்புக்கு விலை குறைத்திருக்கிறார்களாம், வாங்கட்டுமா என்று கேட்டார். அன்று காலையில்தான் என் அடுப்புக்கு விசிறி மோட்டார் மாற்றி 350 ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதிவிடுகிறேன்.

மோட்டார் மேல் எனக்கு வருத்தமில்லை. நான்கு ஆண்டு ஓடியதே பெரிது. என் கோபமெல்லாம் விறகின் நீளத்தின் மேல்தான்.

மண் அடுப்புக்கு நீளம் ஒரு பொருட்டே இல்லை. இரண்டு முழக் கட்டையானாலும் நுனியைச் செருகிவிட்டு, எரிய எரிய உள்ளே தள்ளினால் போதும். இந்த அடுப்புக்குத் தள்ள வாயே கிடையாது. மேலிருந்து நிரப்பி, மேலேயே பற்றவைக்க வேண்டும். தீ மெல்லக் கீழே இறங்கும். சூட்டில் விறகிலிருந்து கிளம்பும் வாயு, உட்சுவரின் மேல்வரிசைத் துளைகளில் விசிறி தள்ளும் காற்றோடு கலந்து எரியும். அந்த வரிசைக்கு மேலே ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் வீடு முழுக்கப் புகை. நீளத் துண்டு ஒன்று குறுக்கே சிக்கினால் அடியில் பொந்து விழுந்து, குழம்பு கொதிக்கும் நேரத்தில் தீ படுத்துவிடும். என் அடுப்புக்கு நான்கு விரற்கடை நீளம், கட்டைவிரல் பருமன். ஐந்து விரற்கடை ஆகாது.

கடையில் எரித்துக் காட்டியவர் ஒரு பையிலிருந்து தச்சுப்பட்டறைத் துண்டுகளை அள்ளிப் போட்டார். ஒரே அளவு, நன்றாகக் காய்ந்தவை. ஐந்து நிமிடத்தில் தேநீர் கொடுத்தார். அந்த அளவுக்கு வெட்டுவது வீட்டில் யார் தலையில் விழும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

எங்கள் பக்கத்து விறகு சீமைக் கருவேலம். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது வெட்டிக் குவித்தார்கள். விட்டுப்போன தூர்களிலிருந்து மறுபடியும் தழைத்துவிட்டது. விறகுக்குப் பஞ்சமில்லை, வெட்டத்தான் உயிர் போகிறது. காய்ந்த கருவேலத்தில் அரிவாள் இறங்காது, துள்ளும். முதல் ஆண்டு முழுக்கத் தினமும் மாலையில் முக்கால் மணி நேரம் வெட்டினேன். மணிக்கட்டு வீங்கியது.

இரண்டாம் ஆண்டில்தான் வழி பிடிபட்டது: பச்சையாக இருக்கும்போதே அளவுக்கு வெட்டிவிட வேண்டும். கரிமூட்டம் போடுகிறவர்கள் பருத்த கட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மிலாறுகளை, அதாவது மெல்லிய கிளைகளை, விட்டுவிடுவார்கள். அவற்றை முள் கழித்து எடுத்து வருகிறேன். புளியங்கட்டையின் விளிம்புக்கு வெளியே நான்கு விரற்கடை தள்ளி ஒரு செங்கல். மிலாற்றின் நுனி செங்கல்லில் முட்டும்வரை தள்ளி, விளிம்பை ஒட்டி ஒரே போடு. துண்டு கீழே விழும், அடுத்ததைத் தள்ள வேண்டியதுதான். கண்ணால் அளக்க வேண்டாம், இடது கையும் வெட்டிலிருந்து தள்ளியே இருக்கும். துண்டு சிறியது என்பதால் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வெட்டினால் ஒரு வாரத்துக்குக் காணும்.

அடுப்பைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அம்மா ஊதுகுழலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். விடிகாலை இருமல் நின்றுவிட்டது. பாத்திரத்தின் அடியில் கரி ஏறுவதில்லை. ஒரு நிரப்பில் சோறும் குழம்பும் முடிந்துவிடுகின்றன. ஒரு மாதத்தில் தீர்ந்த 14.2 கிலோ சிலிண்டர் இப்போது இரண்டரை மாதம் வருகிறது. நடுவில் விறகு சேர்த்தால் மட்டும் புகையும், அதற்குப் பழகிவிட்டோம்.

ஆனாலும் சித்தி, நீங்கள் வாங்க வேண்டாம். தம்பிகள் இருவரும் திருப்பூரில் இருக்கிறார்கள், வெட்டப்போவது நீங்கள் ஒருவர்தான். போன வருடம் முறிந்த வலது கையை வைத்துக்கொண்டு அரிவாள் பிடிக்க நான் சம்மதிக்க மாட்டேன். விலையை இன்னும் பாதியாகக் குறைத்தாலும் இதே பதில்தான்.

கேட்காமல் வாங்கிவிட்டீர்கள் என்றால் ஆடி மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பு இரண்டு மூட்டை வெட்டிக் காயவைத்து, முதுகுளத்தூர் பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன்.