சுருட்டை விரியன் நடமாடும் தோட்டத்துக்கு கம்பூட்டா, கெய்ட்டரா?

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து வறண்ட நிலங்களில் தோட்டத்தை ஒட்டி உடைமரமும் கல்லும் கிடந்தால், சுருட்டை விரியனும் அங்கே இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒன்றரை அடிகூட இராத பாம்பு. மண் நிறம், பகலில் கல்லுக்கடியில் படுக்கை, இருட்டியபின் நடமாட்டம். மிதிபட்டால் மின்னல் வேகத்தில் கடிக்கும்.

காலுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, முழங்காலை எட்டும் ரப்பர் கம்பூட். மற்றது, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை வாரால் இறுக்கிக் கட்டும் கெட்டித் துணிக் கவசம், அதாவது கெய்ட்டர். நான் வாங்கியது கம்பூட்.

விலையில் கம்பூட் மலிவு. வெயிலில் கெய்ட்டர்தான் சுகம். கம்பூட்டுக்குள் கால் வெந்துபோகும், மறுக்கவில்லை. பகல் முழுக்கக் காட்டில் நடப்பவர் கெய்ட்டரையே வாங்கலாம்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: ராத்திரி பத்து மணிக்கு மோட்டாரை நிறுத்தப் போகும்போது எதை மாட்டுவோம்? இந்தப் பாம்பு வெளியே வரும் நேரமும் அதுதான். "இதோ, ரெண்டு நிமிஷம்" என்று போகிறவர் குனிந்து நாலு வார் கட்டப் போவதில்லை, செருப்போடு கிளம்பிவிடுவார். அவசரத்துக்குச் செருப்பின்மேல் கெய்ட்டரைக் கட்டினாலும் பாதம் திறந்தே கிடக்கும். இவ்வளவு சின்னப் பாம்பு எட்டுவதோ பாதத்தையும் கணுக்காலையும்தான். அதனால் கெய்ட்டருக்குக் கூடவே ஷூவும் வேண்டும், லேஸும் கட்ட வேண்டும். கம்பூட்டில் காலை நுழைத்தால் முடிந்தது. வாசற்படி அருகே டார்ச்சோடு வைத்துவிட்டால் வீட்டில் யாரும் மாட்டிக்கொண்டு போகலாம். ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நல்லது.

பராமரிப்பில் கம்பூட்டுக்குத் தொல்லை இல்லாமல் இல்லை. வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும், சீமைக் கருவேல முள் அடியில் ஏறும். மாட்டுமுன் தலைகீழாகத் தட்ட வேண்டும், உள்ளே தேள் இருக்கலாம்.

என் கம்பூட்டை இதுவரை எந்தப் பாம்பும் கடித்துப் பார்த்ததில்லை. நீளப் பல் உள்ள கண்ணாடி விரியனுக்கு அது தாங்குமா என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கைக்கு இரண்டுமே உதவாது. விறகையும் கல்லையும் கம்பால் புரட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கடிபட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், நேராக அரசு மருத்துவமனை. அங்கே போடும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரானது. எனவே பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை.